மோரீன் போடாத கமா

கமா அங்கேதான் இருக்கிறது. கண்ணை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாலும் அங்கேயே இருக்கிறது. திரையில் ஒரு பரிசுத் தொகை: பவுண்டு குறி, அதற்குப் பிறகு ஒன்று, ஒரு கமா, இரண்டு சுழி, இன்னொரு கமா, மூன்று சுழி. 1,00,000. நம்மூரில் கணக்குப் படித்த யாருக்கும் இது உறுத்தாது. லட்சம் என்றால் லட்சத்தின் இடத்தில் ஒரு கமா, அவ்வளவுதான். ஆனால் லட்சம் என்ற சொல்லே இல்லாத ஊரில், அதை நூறாயிரம் என்று எண்ணுகிற ஊரில், கமா இந்த இடத்தில் விழாது. 100,000 என்று ஒரே ஒரு கமா போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். லீட்ஸ் நகரத்தில் பிறந்து, அங்கே பிங்கோ என்கிற எண் சூதாட்டக் கூடம் ஒன்றில் மைக்கைப் பிடித்து எண்களைக் கூப்பிட்டே காலம் தள்ளி ஓய்வுபெற்ற மோரீன் என்கிற பெண்மணி தூக்கத்தில்கூட இப்படி எழுதமாட்டாள். எண்களைத் தவிர வேறெதுவும் தெரியாமல் வாழ்ந்தவள் அவள். அவள் பெயரில், அவள் படத்துக்குக் கீழே, அந்த வெள்ளிநிறக் குட்டை முடிக்கும் கழுத்தில் தொங்கும் கண்ணாடிக்கும் கீழே, இந்தக் கமா உட்கார்ந்திருக்கிறது. நான் போட்டதல்ல. இந்த அலுவலகத்தை நடத்துகிற பூபதி அண்ணா போட்டது. பக்கத்தைக் கடைசியாகப் படித்துப் பார்த்து வெளியிடும் பொத்தானை அழுத்த வேண்டியது நான். என் கை மவுஸின் மேல் இருக்கிறது.

மோரீன் என்று யாரும் கிடையாது. மோரீன் நான்தான். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில், ஆடிக்காற்று அடித்தால் கண்ணாடி அதிர்கிற இந்த அறையில் உட்கார்ந்து, பிரிட்டனில் இருப்பவர்களுக்கு எந்த ஆன்லைன் பந்தயத் தளம் நல்லது, எந்தக் கேசினோ தளம் நல்லது என்று ஒப்பிட்டு எழுதுவது என் வேலை. அவர்கள் அரசின் உரிமம் பெற்ற தளங்கள் மட்டும். உரிம எண் பக்கத்தின் அடியில் இருக்கிறதா, வரவேற்புச் சலுகை என்ன, அந்தச் சலுகையின் பின்னால் என்ன நிபந்தனை, ஜெயித்ததைக் கேட்டால் உடனே தருகிறார்களா இழுத்தடிக்கிறார்களா, எல்லாவற்றையும் பார்த்து ஒன்று இரண்டு மூன்று என்று வரிசைப்படுத்த வேண்டும். நான் வாழ்க்கையில் ஒரு சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. நம்மூரில் இதற்கெல்லாம் தடை வேறு. அம்மாவிடம் ஆங்கிலக் கட்டுரை எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அது பொய்யில்லை. வேலையில் சேர்ந்தபோது பூபதி அண்ணா சொன்னார், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி எழுதுகிற மாதிரி இருக்கணும் அம்மணி, வயசானவ, அனுபவஸ்தி, படிக்கிறவனுக்கு நம்பிக்கை வரணும் என்று. நான் இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. பிறகு எங்கள் விடுதி மெஸ்ஸில் சோறு போட்ட ராஜாமணி அக்காவின் குரல் வந்தது. தேர்வுக்கு ஓடுகிற பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்து, ஏங்கண்ணு இப்படிப் பறக்கற, ஒரு வாய் சாப்ட்டுப் போட்டு யோசனை பண்ணு என்பார். அந்தக் கண்ணு என்ற சொல்லுக்கு லீட்ஸ் பக்கம் அவர்களுக்கே ஒரு சொல் இருக்கிறது, அறிமுகமில்லாதவர்களைக்கூட அன்பே என்று கூப்பிடுகிறார்கள். அதை எடுத்து வைத்தேன். முதலில் டீயைக் குடி அன்பே, பிறகு நிபந்தனையைப் படி. அவ்வளவுதான், மோரீன் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பேசாததையெல்லாம் அவள் பேசினாள். கிண்டல் செய்தாள். கோபப்பட்டாள். ஒரு தளத்தைப் பற்றி, இவர்கள் கொடுக்கிற சலுகை என் மாமியாரின் அன்பு மாதிரி, கொடுக்கும்போதே திரும்பக் கேட்பார்கள் என்று எழுதினாள். அங்கிருந்து கடிதம் கடிதமாக வந்தது. அவர்களுக்கு மோரீனைப் பிடித்திருந்தது. எனக்கும்தான்.

கடைவாய்ப் பல்லில் ஒரு கடுகு மாட்டிக்கொண்டிருக்கிறது. மதியம் தின்ற புளிசாதத்தின் கடுகு. நாக்கு அங்கே போகிறது, தொடுகிறது, தள்ளிப் பார்க்கிறது, தோற்றுத் திரும்புகிறது. கண் கமாவுக்குப் போகிறது. நாக்கு கடுகுக்குப் போகிறது. வெளியே காற்று எதிர்க்கட்டிடத்தின் பேனரை அடித்து அடித்துத் துணியிலிருந்து ஒரு சத்தம் எடுக்கிறது, யாரோ யாரையோ கன்னத்தில் அறைகிற மாதிரி. நான் அதைக் கேட்டு ரசிக்கிறேன். பக்கத்து நாற்காலியில் தஸ்லீமா தயிர் டப்பாவை மூடிக்கொண்டே என்னைப் பார்த்து, ஏய் கோகி, சாப்ட்டதிலிருந்து சிலை மாதிரி உக்காந்திருக்க, அனுப்பியாச்சா இல்லையா என்கிறாள். இல்லை என்று தலையாட்டுகிறேன். மோரீனை அவள் உங்க பெரியம்மா என்றுதான் சொல்வாள். உங்க பெரியம்மாகிட்ட எனக்கும் ஒரு மாப்பிள்ளை பாக்கச் சொல்லு, லைசென்ஸ் நம்பர் இருக்கணும், நிபந்தனையெல்லாம் பெரிய எழுத்துல இருக்கணும் என்கிறாள். சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் டப்பா கழுவப் போய்விட்டாள். காலையில் பூபதி அண்ணா என் மேசைக்கு வந்து நின்றது திரும்ப வருகிறது. அவருடைய செண்டு வாசனை முதலில் வரும், பிறகு அவர். மேல இருக்கற பத்தி என்ற கையாலயே எழுதினது அம்மணி, அதுல கை வெச்சராத, ஒரு புள்ளிகூட மாத்த வேண்டாம் என்றார். பக்கம் எழுதுகிற வேலையை அவர் தொடுவதே இல்லை. இன்று தொட்டிருக்கிறார், ஏனென்றால் அவருக்கு வேண்டிய ஒரு தளம் இன்று முதலிடத்தில் வந்தாக வேண்டும். வரிசையை மாற்றிவிட்டு அதன் பெருமையைத் தானே எழுதிவிட்டார். ஒரு புள்ளிகூட மாற்ற வேண்டாம். சரிங்ணா என்றேன். நான் சரிங்ணா என்று சொல்லும்போது என் குரல் எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரிவதில்லை, தரையிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். கமா ஒரு புள்ளிதானே. புள்ளிக்கு வால் முளைத்தது. மாற்ற வேண்டாம் என்று சொன்னது அவர்தான்.

அம்மணி. இந்த ஊரில் பிறந்தவளுக்கு அந்தச் சொல் எப்படிக் காதில் விழும் என்று அவருக்கும் தெரியும். அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார், சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கைவைத்துக்கொண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பூபதி அண்ணா அம்மணி என்றபோது கண் நிறைந்துவிட்டது, வெளியூர்க்காரர்கள் நிறைந்த அலுவலகத்தில் நம்மாள் ஒருத்தர் என்று. அதே சொல்லை வைத்துக்கொண்டு அவர் எல்லோர் முன்னாலும் கேட்டார், ஏம்மணி, கோகிலவாணின்னு பேர வெச்சுட்டு வாயத் தொறக்க மாட்டீங்கறயே, குயிலு முட்டை மட்டுந்தான் போடுமா என்று. எல்லோரும் சிரித்தார்கள். தஸ்லீமா மட்டும் சிரிக்கவில்லை. குயில் முட்டையைக் காக்கைக் கூட்டில் இடும், குஞ்சு பொரிந்து பாடும்போதுதான் காக்கைக்குத் தெரியும், அதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று அன்று இரவெல்லாம் நினைத்தேன். மறுநாள் காலை, காபி கோப்பையைக் கழுவும்போதும் நினைத்தேன். சொல்லவில்லை. எனக்குப் பதில்கள் எப்போதும் உண்டு. கல்லூரியில் வகுப்பில் கேள்வி கேட்டால் கையைத் தூக்கமாட்டேன், தூக்க வராது, கை மேசைக்கு அடியில் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் பேராசிரியர் என் எண்ணைச் சொல்லி எழுப்பிவிட்டால் கடகடவென்று சொல்லிவிடுவேன், அவரே புத்தகத்தைப் பார்ப்பார். கேட்டால் போதும். கேட்கவேண்டும். தானாக வாயைத் திறக்க என்னால் ஆகாது, யாராவது கதவைத் தட்டினால் திறக்க ஆகும். இதை ஒரு நோய் என்று சிலர் சொல்வார்கள். இன்றைக்கு அதையே ஆயுதமாக்கிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. பெல்ஹாம் இந்தப் பக்கத்தை இன்றைய வீடியோ அழைப்பில் திறந்து படிப்பார். அவர்தான் இந்த வலைத்தளத்தின் சொந்தக்காரர், இங்கிலாந்தில் இருக்கிறார், மோரீன் என்பவள் லீட்ஸில் நிஜமாகவே இருக்கிறாள் என்று பூபதி அண்ணா சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் மோரீனிடம் என் அன்பைச் சொல்லுங்கள் என்பார். கண்டிப்பாக சார் என்பார் பூபதி அண்ணா. கேமராவும் மைக்கும் அணைத்து வைத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் என் அன்பை நானே வாங்கிக்கொள்வேன். எனக்கு அங்கே வைத்திருக்கும் பெயர், பக்கத்தை ஒழுங்குபடுத்துகிற பெண். அவர் கண் இந்தக் கமாவில் விழும். யார் எழுதியது இது என்று கேட்பார். கேட்பார். கேட்டால் போதும்.

ஹில்டா. அவள் பெயரை நினைக்காமல் இவ்வளவு நேரம் ஓட்டிவிட்டேன். ஹல் என்ற துறைமுக ஊரில் இருக்கிறாள், கணவன் இல்லை, ஒரு பூனை இருக்கிறது, பூனையின் பெயர் மந்திரி. அவர்கள் நாட்டில் ஒரு வசதி உண்டு. சூதாட்டத்தை நிறுத்தமுடியாமல் தவிப்பவர்கள் தங்கள் பெயரை ஒரே ஒரு முறை பதிந்துகொண்டால் போதும், உரிமம் பெற்ற எந்தத் தளமும் அவர்களை உள்ளே விடாது. தனக்குத்தானே வெளியில் இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது. எங்கள் பக்கங்களிலும் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில் சொல்கிறோம். ஹில்டா அப்படிப் பதிந்துகொண்டவள். மோரீனுக்கு எழுதினாள், மழைக்காலம், வீட்டில் யாரும் பேச இல்லை, கொஞ்சமாக பிங்கோ மட்டும் ஆட ஏதாவது வழி இருக்கிறதா, நீ சொன்னால் கேட்கிறேன் என்று. நான் ஒரு பதில் எழுதி வைத்தேன். வேண்டாம் அன்பே, நீ போட்ட தாழ்ப்பாள் நல்ல தாழ்ப்பாள், மந்திரியை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எழுது, நான் பேச்சுத் துணைக்கு இருக்கிறேன் என்று. அதை அனுப்புமுன் ஒரு கல்யாணத்துக்காகக் கோபி ஊருக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மோரீன் பதில் எழுதியிருந்தாள். நான் எழுதாத பதில். என் அன்பே என்ற சொல்லோடு. உனக்காகவே ஒரு இடம் இருக்கிறது அன்பே, அங்கே உன் பெயரை யாரும் கேட்கமாட்டார்கள், நான் ஆடிப் பார்த்தேன், பாதுகாப்பானது. கீழே ஒரு இணைப்பு. ஏதோ ஒரு தீவில் இருக்கும், எந்த உரிமமும் இல்லாத, அந்தத் தாழ்ப்பாளுக்கு வெளியில் இருக்கும் ஒரு தளம். பெல்ஹாமுக்குத் தெரியாமல் பூபதி அண்ணா தனியாக நடத்துகிற வேலை அது, அப்படிப் பூட்டிக்கொண்டவர்கள் எழுதினால் அவர்களைக் கமிஷனுக்காகப் பக்கவாட்டில் தள்ளிவிடுவது. உரிமம் பெற்றவற்றை மட்டுமே ஒப்பிடுகிறோம் என்று எங்கள் தளத்தின் நெற்றியில் எழுதியிருக்கிறது. நெற்றியில் விபூதி, பாக்கெட்டில் என்னவோ.

அன்று அவருடைய அறை வாசலில் போய் நின்றேன். கண்ணாடிக் கதவு. உள்ளே அவர் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்துக் கையால் உள்ளே வா என்றார். உள்ளே போனேன். போனை வைத்துவிட்டு, என்ன என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார். என் வாயில் ஹில்டா என்ற பெயர் இருந்தது, அது பல்லுக்குப் பின்னால் நின்றது. வாய்ல கொழுக்கட்டையா அம்மணி என்றார். பிறகு அவரே புரிந்துகொண்டார். ஓ, அந்தக் கெழவி மேட்டரா, நீ ஊருல இல்ல, நானே பாத்துட்டேன், நீ எழுதி வெச்சிருந்தத படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா சாமியார் மடம் நடத்தல நாம என்றார். உன்ற இங்கிலீசு இருக்கே, அதுதான் அம்மணி நம்ம சொத்து, அத வெச்சு நான் கொஞ்சம் மாத்திப் போட்டேன், யாராவது கண்டுபிடிப்பாங்களா சொல்லு என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அது கேள்வி இல்லை. கேள்வி மாதிரி இருந்தது. வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். தண்ணீர் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். திருடினால் திருடன் என்று தெரிகிறது. ஒருவருடைய நாக்கைத் திருடி அதை வைத்து இன்னொருவரைக் கிணற்றில் தள்ளினால் அதற்குப் பெயர் என்ன. ராஜாமணி அக்காவின் கண்ணு என்ற சொல், என் காய்ச்சல் நெற்றியில் அப்பா வைத்த அம்மணி என்ற சொல், இந்த ஆளின் கைக்குப் போனால் எல்லாமே தூண்டில் முள்ளாகிவிடுகிறது.

அன்றிலிருந்து அவரை மனதுக்குள் கொன்றுகொண்டிருக்கிறேன். சின்னச் சின்னதாக. அவர் நாற்காலியின் திருகை லேசாகக் கழற்றி வைப்பது, கூட்டத்தின் நடுவில் அவர் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குவது. அவர் சாப்பிடும் கொள்ளு ரசத்தில் உப்பு. மாடிப்படியில் அவர் கால் வைக்கும் இடத்தில் கழுவிய தண்ணீர். பிறகு வெட்கமாக இருக்கும், இதெல்லாம் சிறுபிள்ளைப் பழி. அதனால் மோரீனை எழுப்பி அவரைப் பற்றி ஒரு மதிப்புரை எழுதச் சொன்னேன், குளிக்கும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் அதைத் திருத்தித் திருத்தி மெருகேற்றி வைத்திருக்கிறேன். பூபதி: தோற்றம் பளபளப்பு, உள்ளே நுழைவது சுலபம். வரவேற்புச் சலுகை ஒரு சொல், அம்மணி, தாராளமாகத் தருகிறார்கள். நிபந்தனைகள் அடியில் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன, கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள் அன்பர்களே. இவரிடம் நீங்கள் வைத்த எதையும் திரும்பப் பெற முயன்றால் இவர் சிரிப்பார். உரிம எண் கேட்டேன், காட்டவில்லை. வாடிக்கையாளர் சேவை: கண்ணாடிக் கதவு. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்கூட நான் கொடுக்கமாட்டேன், ஆனால் இங்கே பூச்சியம் போட வசதி இல்லை. இந்த வரிக்கு வரும்போது பேருந்தில் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். இதை எங்கேயும் வெளியிட முடியாது. அதுதான் என் மதிப்புரைகளிலேயே சிறந்தது.

இன்று காலை ஹில்டாவிடமிருந்து இன்னொன்று வந்திருந்தது. அதைத் திறந்தபோதுதான் புளிசாத டப்பாவை மேசையில் வைத்தேன், அந்த டப்பாவின் சூடு இன்னும் விரலில் இருக்கிறது. நீ பாதுகாப்பு என்று சொன்னாயே மோரீன், ஜெயித்த பணத்தைக் கேட்டால் அவர்கள் பதிலே தரமாட்டேன் என்கிறார்கள், நானும் நிறுத்த முடியாமல் ஆடிக்கொண்டே இருக்கிறேன், நீயும் எழுதுவதில்லை. என்மேல் கோபமா. அவ்வளவுதான். என்மேல் கோபமா என்று கேட்டிருக்கிறாள். கேள்வி கேட்டால் பதில் சொல்கிற நான் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மோரீன் என்று சொல்லி இனி எப்படி எழுதுவது. அவளுக்குத் தெரிந்த மோரீன் அவளைத் தள்ளியவள். கோபம்தான் ஹில்டா, உன்மேல் இல்லை. இதையெல்லாம் ஹில்டாவுக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டால் நன்றாக இருக்கும். பாதிதான் உண்மை. மீதிப் பாதி எனக்கு அந்த மனிதன் முகம் வெளுப்பதைப் பார்க்கவேண்டும். அந்தச் செண்டு வாசனை இந்த அறையிலிருந்து போகவேண்டும். அவர் வாயில் கொழுக்கட்டை வேண்டும். ஹில்டாவுக்கு நல்லது நடந்து அவருக்கு ஒன்றும் ஆகாமல் போகும் ஒரு வழியும் இருக்கலாம், அப்படி ஒரு வழி கண்ணில் பட்டால் நான் அதை எடுப்பேனா. தெரியவில்லை. மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சாதுவான பெண் என்று ஊரில் சொல்கிறார்கள், அம்மா அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் எடுத்த எடுப்பிலேயே சொல்கிறாள், வாயே திறக்கமாட்டாள் என்று பெருமையாக. உள்ளே என்ன வேகிறது என்று யாரும் மூடியைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

ஆனால் கமா நின்றால் மோரீனும் போய்விடுவாள். இதுதான் மாட்டிக்கொள்கிற இடம், நாக்குக்குக் கடுகு மாதிரி. அந்தக் கமாவைப் பார்த்துவிட்டுப் பெல்ஹாம் பிடித்து இழுத்தால் பூபதி அண்ணா மட்டும் வரமாட்டார், வெள்ளிமுடியும் கழுத்துக் கண்ணாடியும் மாமியார் கிண்டலும் எல்லாம் கூடவே வரும். நான் வாய்விட்டுப் பேசிய ஒரே வாய் அது. அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி சரிங்ணா என்ற தரைக்குரலோடு வேறு ஏதோ அலுவலகத்தில் உட்காரவேண்டும். வேலையும் போகும், அது தெரிந்ததுதான். அம்மாவிடம் என்ன சொல்வேன், ஒரு கமாவால் வேலை போனது என்றா. திருத்திவிடலாம். அம்புக்குறியை அங்கே கொண்டுபோய் வைத்து ஒரு தட்டு, கமா போய்விடும். விரல் போகிறது. மோரீனைக் காப்பாற்ற ஒரு தட்டு. அப்போது பூபதி அண்ணா அவர் அறையிலிருந்து திரையில் செய்தி அனுப்புகிறார், பாத்துட்டியா அம்மணி, எல்லாம் சரிதானே, வீடியோ கால் ஆரம்பிக்கப் போகுது. எல்லாம் சரிதானே. இதுவும் கேள்வி மாதிரி இருக்கிற ஒன்று. மோரீன் எப்போது செத்தாள் என்று எனக்குத் தெரியும். நான் கோபியில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் செத்தாள். இப்போது நடமாடுவது அவள் உடம்பு, அதற்குள் அவர். சரிங்ணா என்று தட்டுகிறேன். ஒரு புள்ளிகூட மாத்தலங்ணா என்று சேர்த்துத் தட்டுகிறேன். பொத்தானை அழுத்துகிறேன். பச்சை நிறத்தில் ஒரு கட்டம் வந்து, உங்கள் பக்கம் வெளியாகிவிட்டது என்கிறது. என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய கெடுதலை நான் கீழ்ப்படிந்து செய்திருக்கிறேன்.

அழைப்பு தொடங்கிவிட்டது. காதில் ஹெட்ஃபோனின் பஞ்சு சூடாக இருக்கிறது. பெல்ஹாமின் முகம் திரையில், பின்னால் புத்தக அலமாரி, கையில் ஒரு பெரிய கோப்பை. அங்கே காலை நேரம், ஜன்னலில் மழைக்குரிய வெளிச்சம். பூபதி அண்ணா குட் மார்னிங் சார் என்கிறார், அந்தக் குரலுக்கென்று தனியாக ஒரு ஆள் அவருக்குள் இருக்கிறான். பெல்ஹாம் பக்கத்தைத் திரையில் விரிக்கிறார். மோரீன் சிரித்துக்கொண்டு வருகிறாள். அவர் படிக்கிறார், உதடு லேசாக அசைகிறது. நான் அவருடைய கண்களை மட்டும் பார்க்கிறேன். இடமிருந்து வலம், அடுத்த வரி, இடமிருந்து வலம். வருகிறார். இதோ அந்த வரி. கண் அந்த வரியில் ஏறுகிறது, போகிறது, இறங்குகிறது. அடுத்த வரிக்குப் போய்விட்டது. போய்விட்டது. அவர் பார்க்கவில்லை. கோப்பையை எடுத்து ஒரு வாய் குடிக்கிறார், கீழே உருட்டுகிறார், அருமை, மோரீன் மறுபடியும் அசத்திவிட்டாள் என்கிறார். பூபதி அண்ணா சிரிக்கிறார். எவ்வளவு பெரிய முட்டாள் நான். எல்லோரும் என்னைப் போலவே படிப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். எண்களை யாரும் படிப்பதில்லை, எண்ணின் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள், நீளமாக இருந்தால் பெரிசு. ஹில்டாவும் அப்படித்தான் பார்த்திருப்பாள். வேறு எதையோ பேசுகிறார்கள், அடுத்த வாரம், கால்பந்து, ஏதோ ஒரு விளம்பரம். கதவை யாரும் தட்டப்போவதில்லை. நான் கதவுக்கு உள்ளே காதை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க நிற்கலாம். பூபதி அண்ணா மாலையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார், நாளைக்கு இன்னொரு ஹில்டாவுக்கு என் சொற்களில் எழுதுவார், கமா போட்டு. பெல்ஹாம் கோப்பையை வைக்கிறார். மோரீனிடம் என் அன்பைச் சொல்லுங்கள் என்கிறார். கண்டிப்பாக சார். பெல்ஹாமின் கை அழைப்பை முடிக்கும் சிவப்புப் பொத்தானை நோக்கி நகர்வது தெரிகிறது. திரையின் ஓரத்தில், என் பெயர் இருக்கும் கறுப்புக் கட்டத்தில், குறுக்கே கோடு போட்ட மைக். அதன் மேல் அம்புக்குறி இருக்கிறது. எப்போது அங்கே போனது. கடுகு பல்லிலிருந்து கழன்று நாக்கின் மேல் வந்து நிற்கிறது. அதை விழுங்குகிறேன்.

அந்தக் கமா தப்பு என்று என் மைக்கிலிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் சொல்கிறது. முதலிடத்தில் இருக்கும் தளத்தின் கீழே, பரிசுத் தொகையில், உங்கள் ஊரில் யாரும் அங்கே கமா போடமாட்டார்கள் என்று சொல்கிறது. தரைக்குரல் இல்லை. மெஸ்ஸில் சோற்றுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பேசுகிற குரல். பெல்ஹாமின் கை நின்றுவிட்டது. பக்கத்தில் தஸ்லீமா கழுவிக் கொண்டுவந்த டப்பாவோடு அப்படியே நிற்கிறாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பூபதி அண்ணா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார், திரையிலும் கதவிலுமாக இரண்டு பூபதி அண்ணா, இரண்டிலும் முகம் வெளுத்துக்கொண்டு வருகிறது, நான் இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன், எதையும் விடாமல். கையால் கழுத்தை அறுப்பதுபோல ஜாடை காட்டுகிறார், நிறுத்து என்று. பெல்ஹாம் பக்கத்தை மேலே உருட்டுகிறார், கண்ணைச் சுருக்குகிறார், அந்த எண்ணின் மேல் நிற்கிறார். பிறகு தலையைத் தூக்கி, என் கறுப்புக் கட்டத்தை முதல்முறையாகப் பார்த்து, பேசுவது யார் என்று கேட்கிறார்.

கேட்டுவிட்டார்.